அநாதைப் புள்ளி

பேய்க்கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, பாழடைந்த பங்களா என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில், மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில்தான்.

ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் ஜீப் என்னை அந்த ராடார் நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டது. கம்பி வேலி, அதற்குள் பொட்டல் நிலம், நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு அண்ணாந்து நிற்கும் வெள்ளைத் தட்டு. அதன் காலடியில் பழைய ஒற்றை மாடிக் கட்டடம். கண்காணிப்பு அறைக்கு ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் வெளியே பகலா இரவா என்பது கடிகாரத்துக்குத்தான் தெரியும். உள்ளே எப்போதும் ஒரு ரீங்காரம், தூசி வாசனை.

நிலையத் தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். ஓய்வு பெற மூன்று மாதமே பாக்கி. மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு.

"வாம்மா. உன்னப் பத்திச் சொன்னாங்க. கோபம் மூக்கு நுனியில நிக்கும், வேலை சுத்தமா இருக்கும்னு."

"ரெண்டும் உண்மைதான் சார்."

சிரித்தார். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். நாகரிகமாக எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். உண்மையில் நாங்கள் குப்பை எண்ணுகிறவர்கள். செத்துப்போன செயற்கைக்கோள், ராக்கெட் ஓடு, கழன்ற திருகாணி எல்லாம் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ராடார் அலை அவற்றின் மேல் பட்டுத் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும், எதிரொலியின் பலத்தை வைத்து அளவு தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண் இல்லாத புள்ளி திரையில் வந்தால் அதற்கு எங்கள் பாஷையில் அநாதை என்று பெயர். அதைத் தனிப் பட்டியலில் பதிந்து, அது என்ன ஏது என்று கண்டுபிடிக்க வேண்டும். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது சிலர் ஒரு குறுக்குவழி செய்வார்கள். அருகில் போகும் ஏதாவது ஒரு பழைய எண்ணோடு அநாதையைச் சேர்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று கணக்கை முடித்துவிடுவார்கள். 'அநாதைக்கு அப்பன் பார்க்கிறது' என்று அதற்குக் கிண்டல் பெயர். நான் ஒருநாளும் செய்ததில்லை.

அந்த இடத்துக்கு நான் வலியக் கேட்டு மாற்றல் வாங்கி வந்தேன். காரணம் என் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இப்போது நானூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு விண்கலத்தில், ஒரு பெண் விமானியோடு சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வாரம் தினமும் மதியம் இரண்டரை மணி வாக்கில் கலம் எங்கள் தட்டுக்கு மேலே ஏழு நிமிடத்தில் கடந்து போகும். வியாழக்கிழமை அவன் கலத்தை விட்டு வெளியே வந்து, மடங்கிப்போன ஆண்டெனா ஒன்றைச் சரி செய்ய வேண்டும். ஒரு திருகாணி குறுக்கே வந்தாலும் அவன் விண்வெளி அங்கியைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பாதை சுத்தம் என்று, கலத்தை இயக்கும் பறப்பு மையத்துக்குச் சொல்ல வேண்டியது எங்கள் நிலையம். அந்த வார்த்தையை நானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

அன்று இரண்டரைக்குக் கலம் வந்தது. பெரிய, பளிச்சென்ற புள்ளி. என்னையறியாமல் "வாடா ராசா" என்றேன். அதற்குப் பின்னால் நாற்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று வந்தது.

சின்னது. மங்கல். எண் இல்லை.

அளவைப் பார்த்தேன். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பட்டியலில் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் பட்டியலில் அது இல்லை. கை தவறி அழித்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டரைக்குக் கலம் வந்தது. பின்னால் அதுவும் வந்தது.

இருபத்தாறு கிலோமீட்டர்.

தூரம் குறைவதைத் திரை ஒரு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோடு வழவழவென்று இறங்க வேண்டும். இது படிக்கட்டு மாதிரி இறங்கியது. கொஞ்சம் நெருங்கும், நிற்கும். மறுபடி கொஞ்சம் நெருங்கும், நிற்கும். மேலே எதுவும் நின்று நின்று போகாது. நிற்பதற்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. எதிரொலியின் அசைவை ஒலியாக மாற்றிக் கேட்கும் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. அதைத் திருகினேன். இரைச்சல், அதற்குள் ஒரு சீரான இழுப்பு. ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரோ வருவது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசனையும் வந்தது. சுட்ட இரும்பின் வாசனை. எங்கோ வயர் எரிகிறது என்று வயர்மேனைக் கூப்பிட்டேன். மூன்று தடவை மின்சாரம் அடித்தும் பிழைத்ததால் அவருக்கு நிலையத்தில் 'ஷாக்' என்று பெயர். எல்லாப் பெட்டியையும் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"எல்லாம் ஜில்லுனு இருக்கு மேடம். உங்க மூக்குலதான் ஷார்ட் சர்க்யூட்."

"போய்ட்டு வாங்க. உங்க ஜோக்குக்குத் தனியா சிரிக்கிறேன்."

சாயங்காலம் தம்பியோடு ஐந்து நிமிடம் பேச அனுமதி கிடைத்தது.

"என்னக்கா, இன்னிக்கு என்னை எண்ணிட்டியா?"

"குப்பையத்தான்டா எண்ணுறேன். உன்னையும் சேர்த்து."

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு நாளா தூக்கத்துல மூச்சு முட்டுதுக்கா. யாரோ என் காத்தைப் பிடுங்குற மாதிரி."

"குப்புறப் படுத்துத் தொலைக்காதன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்."

"இங்க குப்புறவும் இல்ல, மல்லாக்கவும் இல்லக்கா."

அவன் சிரிப்பு எனக்கு அன்று நிம்மதி தரவில்லை.

புதன்கிழமையும் பட்டியல் காலி. அன்று ஒன்பது கிலோமீட்டர். கலம் கடந்து போனதும் மாற்றப் பதிவேட்டைத் திறந்தேன். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று அதில் இருக்கும். இரண்டு நாளும் காலை ஆறு பத்துக்கு, என் அநாதையை ஒரு பழைய ராக்கெட் துண்டின் எண்ணோடு சேர்த்திருந்தார்கள். சேர்த்தவர் நிலையத் தலைவர்.

நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"அது ராக்கெட் துண்டும்மா. ரொம்பப் பழசு."

"ராக்கெட் துண்டு படியிறங்கி வருமா சார்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. நாளைக்கு வெளிய வரப்போறது என் தம்பி."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பதிஞ்சுட்டுப் போம்மா. நான் தொட மாட்டேன்."

நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

வியாழக்கிழமை ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி இரண்டு பத்து. பட்டியலைத் திறந்தேன். அநாதை இல்லை. 'பாதை சுத்தம்' என்ற செய்தி தலைவர் பெயரில் காலையிலேயே பறப்பு மையத்துக்குப் போயிருந்தது. மையத்துக்குப் போன் போட்டேன்.

"உடனே அவனை உள்ள கூப்பிடுங்க. பின்னாடி ஒண்ணு வந்துட்டிருக்கு."

பறப்பு அதிகாரி நிதானமாகப் பேசினார். "அவர் வெளிய போய் இருபது நிமிஷம் ஆச்சு மேடம். இப்ப எங்க தொடர்பு எல்லையத் தாண்டிட்டார். மூணே முக்கால் வரைக்கும் பேச முடியாது. உங்க பட்டியல்ல ஒண்ணுமே இல்லையே?"

தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். பேயறைந்தவர் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு முப்பத்திரண்டு. கலம் அடிவானத்தில் எழுந்தது.

அதன் பின்னால் நானூறு மீட்டரில் அது.

வாசனை அறை முழுக்க நிறைந்தது. ஸ்பீக்கரை நான் தொடவில்லை. தானாகக் கேட்டது.

ஒரு கை. மறு கை.

முந்நூறு.

"சார், என்ன சார் அது?"



இருநூறு. இழுப்புகளுக்கு நடுவே இப்போது வேறொரு சத்தமும் இருந்தது. வெகுதூரம் ஓடிவந்தவன் வாங்குவது போன்ற மூச்சு. ராடார் மூச்சைக் கேட்காது. வெற்றிடத்தில் மூச்சும் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் என் காதால் கேட்டேன்.

நூற்று இருபது.

நூறு.

நூறு மீட்டருக்குள் வந்துவிட்டால் இரண்டு பொருளை எங்கள் ராடாரால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு புள்ளியும் ஒன்றாயின. அந்த ஒன்றுக்குள் என் தம்பியும் இருந்தான்.

ஸ்பீக்கர் அடங்கியது. கலம் மறுபக்க அடிவானத்தில் இறங்கியது. இனி அது திரும்பி வர ஒன்றரை மணி நேரம். தம்பி பேரைச் சொல்லி அழுதேன். அழுதுகொண்டே அந்த மனிதரின் சட்டையைப் பிடித்தேன்.

"சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க."

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"பதினோரு வருஷம் ஆச்சும்மா. ஒரு பொறியாளர், வெளிய வேலை பார்க்கும்போது கயிறு அறுந்து விலகிப் போய்ட்டார். அதே நேரத்துல கலத்து மேல போர்த்தியிருந்த உறை ஒண்ணும் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. என் திரையில ரெண்டு அநாதை வந்துச்சு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. நான் பதினாறு மணி நேரமா உட்கார்ந்திருந்தேன். கண்ணு சொருகுது. ரெண்டும் ஒண்ணுதான்னு சேர்த்துட்டேன்."

"அப்புறம்?"

"அவர்கிட்ட ஏழு மணி நேரக் காத்து இருந்துச்சு. தேடப் போனவங்க நான் குடுத்த பாதையில போனாங்க. உறை கெடைச்சுது. மறுநாள்தான் எனக்குப் புரிஞ்சுது. யானைக்கும் அடி சறுக்கும்னு யாராவது சொல்லுவாங்கன்னு நெனச்சேன். ஆனா யார்கிட்டயும் சொல்லல. பயந்துட்டேன்." முகத்தை மூடிக்கொண்டார். "அந்த உயரத்துல உடம்பு ரெண்டு வருஷத்துல கீழ விழுந்து எரிஞ்சுடும்மா. எரிஞ்சிருக்கணும். உன் தம்பி வெளிய போற தேதி முடிவான அன்னிக்குத் திரும்பி வந்துச்சு. அதே அளவு. அதே எதிரொலி. எனக்குத் தெரியாதா? பதிஞ்சு விட்டா ஆராய்வாங்க, பழச எல்லாம் தோண்டுவாங்கன்னு..."

"உங்க மானத்துக்காக என் தம்பியப் பலி குடுத்தீங்களா?"

அவர் எழுந்து தன் கணினிக்குப் போனார். பதினோரு வருடத்துக்கு முந்தைய பதிவைத் திறந்தார். சேர்த்த இரண்டையும் பிரித்தார். உறைக்கு ஓர் எண். மற்றதற்கு ஓர் எண், அதன் எதிரில் அந்தப் பொறியாளரின் முழுப் பெயர். அடியில் 'என் பிழை' என்று எழுதித் தன் பெயரையும் போட்டு மையத்துக்கு அனுப்பினார். ஓர் எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. அதை அனுப்பிய பிறகு அறையில் அந்த வாசனை இல்லை.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"மேடம், உங்க தம்பி உள்ள வந்துட்டார். நல்லா இருக்கார்."

போன உயிர் திரும்பி வந்தது. நாலு ஐந்துக்குக் கலம் மறுபடி வந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே புள்ளி. முன்னாலும் பின்னாலும் வெறும் வானம். கும்பிட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி உற்சாகமாக இருந்தான்.

"திரும்பி வர்றப்ப இடுப்புக் கொக்கி கழண்டுடுச்சுக்கா. நான் கவனிக்கல. ரெண்டு முழம் விலகிட்டேன். எட்டிப் பிடிக்க எதுவும் இல்ல. அவ்ளோதான்னு நெனச்சேன். நல்லவேளை, அவர் என் கணுக்காலப் பிடிச்சு இழுத்துட்டார்."

"யாருடா?"

"அதான்க்கா, கூட வந்தவர்."

அவன் ஏதோ வேலை என்று நகர்ந்தான். பெண் விமானியின் குரல் என் காதில் கிசுகிசுத்தது.

"அக்கா, நான் உள்ளதான் இருந்தேன். வெளிய போனது உங்க தம்பி ஒருத்தர்தான். கதவைச் சாத்துறப்ப திரும்பிப் பார்த்து 'வாங்க, உள்ள வாங்க'ன்னு சொன்னார்."

"பயத்துல உளறியிருப்பான்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "கலத்துல காத்து கொறையற கணக்கு எப்பவும் திரையில ஓடும்க்கா. ரெண்டு பேருக்கு எவ்ளோ கொறையும்னு எனக்கு மனப்பாடம். அவர் உள்ள வந்ததுலேருந்து மூணு பேருக்குக் கொறையுது."

நான் அதை நிலையத் தலைவரிடம் சொன்னேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"உள்ள வந்துட்டாராம்மா?" என்று கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கலத்தில் எங்கேயோ ஓட்டை, காற்று கசிகிறது என்று மையத்தில் சொன்னார்கள். இருபது நாள் காற்று பதின்மூன்று நாளைக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டு, ஆறாம் நாளே இருவரையும் பத்திரமாக இறக்கினார்கள். கலத்தை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓட்டை எதுவும் இல்லை.

இரண்டு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டுத் தம்பியை என் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் அவன் கண்ணைக் கூசவைத்தது. மாடி அறையில் கதவு, ஜன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் சாத்திக்கொடுத்தேன். பேசினான், சாப்பிட்டான், என்னைப் பழையபடி கிண்டல் செய்தான். கட்டிலில் மட்டும் எப்போதும் ஒரு ஓரமாகவே படுத்தான். ஏன்டா என்றால், பழக்கம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் தூங்கிவிட்டான். தண்ணீர்ச் சொம்பை வைக்க உள்ளே போனேன். அறை புழுங்கிக் கிடந்தது. சொம்பை வைத்துவிட்டு, தூங்குகிறவனைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நின்றேன். அவன் மூச்சு நிதானமாக ஏறி இறங்கியது. அதைக் கேட்க ஆசையாக இருந்தது.

அப்போதுதான் சுட்ட இரும்பின் வாசனை வந்தது.

நான் என் மூச்சை அடக்கினேன்.

இரண்டு மூச்சு கேட்டது.

ஒன்று தம்பியுடையது. இன்னொன்று கட்டிலின் மறுபக்கத்திலிருந்து வந்தது. வேகமாக, திணறித் திணறி, கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்கிற மூச்சு.

ஓடிப்போகத்தான் தோன்றியது. ஆனால் என் தம்பி அங்கே படுத்திருக்கிறான். அவன் இன்று படுத்திருப்பதே யாரோ அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்ததால்தான். எனக்கு அழுகை முட்டியது. பயத்தாலா, வேறெதனாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே, ஜன்னலுக்குப் போனேன். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். வெளிக்காற்று குப்பென்று உள்ளே வந்தது. திரைச்சீலை எழும்பி என் முகத்தில் அடித்தது.

"எடுத்துக்கோங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், திணறிக்கொண்டிருந்த அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது.